எழுபது வளைவும் ஒரு நியூட்ரலும்

எங்கள் ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது வாய்க்கால் பாலம் ஒன்றுதான். நீடாமங்கலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் தரை பாய் விரித்த மாதிரி கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருபது வருஷம் கார் ஓட்டிய என் வீட்டுக்காரர், கொல்லிமலைக்குப் போய் மகளை அழைத்து வர வேண்டும் என்றதும் சொன்ன முதல் வார்த்தை, "ஏறுறப்பதான் பெட்ரோல் குடிக்கும் லலிதா. இறங்குறது மொத்தமும் இனாம்."

மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். கொல்லிமலை வளப்பூர் நாட்டில் அரசுப் பள்ளி டீச்சர். மாப்பிள்ளை செந்திலுக்கும் மலையிலேயே அரசு வேலை. வளைகாப்பு ராசிபுரத்தில் சம்பந்தி வீட்டில் நடந்தது. அந்தக் கையோடு எங்களோடு வந்திருக்க வேண்டியவள், "பரீட்சைப் பேப்பர் திருத்தணும்மா, ஒரு வாரம்" என்று கை நிறைய வளையலோடு மலையேறிப் போய்விட்டாள். அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சியை எழுபது கொண்டை ஊசி வளைவு வழியாக இறக்கிக் கொண்டுவர வேண்டும். ஒன்று ஆகிவிட்டால்? இந்த நினைப்பு வந்தால் நான் எழுந்து வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவேன். பெருக்கிய வீட்டையே திரும்பப் பெருக்குவேன்.

கிளம்பும் காலையிலேயே வண்டி மக்கர். பேட்டரி படுத்துவிட்டது. படுக்காமல் என்ன செய்யும்? எங்கள் ஊர் ரயில்வே கேட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக்கூடத் தெரியும். மூடினால் திறக்க மனசு வராத கேட். அங்கே இன்ஜினை அணைத்துப் பழகிய இவர், அப்புறம் எதற்கெடுத்தாலும் அணைக்க ஆரம்பித்தார். எதிரில் லாரி நின்றால் ஆஃப், கடையில் வெற்றிலை வாங்க ஆஃப், பாலத்திலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் போட்டு ஆஃப். பாலம் இறங்கி, கோயில் வாசல் வரை வண்டி சத்தமில்லாமல் உருண்டு போய் நிற்பதில் இவருக்கு அப்படி ஒரு பெருமை.

அதன் பலன், மாதத்துக்கு இரண்டு தடவையாவது தெருவே கூடி எங்கள் வண்டியைத் தள்ளும். தள்ளுவதற்கு இவர் வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் மட்டும் ஸ்டீயரிங் என் கைக்கு வரும். சாவியை ஆனில் வைத்து, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியர் போட்டு, வண்டி உருண்டதும் காலை எடுக்க வேண்டும். ஒரு உதறு உதறி இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் மற்ற நேரத்தில் ஓட்டத் தரமாட்டார். என் கால் கனமாம், பெட்ரோலைக் குடித்துவிடுமாம்.

முதல் நாள் முழுக்க அனல். சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசி போடாமல், திருச்சியும் நாமக்கல்லும் தாண்டினோம். முகத்தில் அடித்த காற்று அடுப்புக் காற்று. நியாயத்தையும் சொல்ல வேண்டும். டயரில் காற்று சரியாக வைப்பார், பொசுக்கென்று மிதிக்கமாட்டார், தூரத்தில் ஆள் குறுக்கே வருவது தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுவார். அவர் ஓட்டினால் மடியில் வைத்த மோர்ப் பாத்திரம் அலுங்காது. அதனால்தான் இருபது வருஷம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

காரவள்ளியில் மலை தொடங்கியது. முதல் சில வளைவுகளில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே நாங்கள் வந்த ரோடே நூல் மாதிரி தெரிந்தது. இவர் மூன்றாவது கியரை விட்டு இறங்க மாட்டேன் என்றார். கியர் குறைத்தால் பெட்ரோல் செலவாம். வண்டி முக்கியது, இருமியது, உதறியது.

"ரெண்டாவதைப் போடுங்களேன். அது கெஞ்சுறது உங்களுக்குக் கேக்கலையா?"

"செத்த சும்மா இரு. இழுக்கும்."

இழுத்தது. சூட்டு முள்ளும் கூடவே மேலே ஏறியது. ஒரு வளைவில் பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பியதும் ஓரங்கட்டினார். இறங்கி, துண்டைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். "ஐயோ, மூஞ்சியில அடிக்கும், கைய எடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடின.

அந்த வளைவில் ஒரு அம்மாள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு டம்ளரில் ஊற்றினார். "உக்காருங்க சாமி. அது ஆற நேரமாகும். கீழிருந்து வார காரு முக்காவாசி இந்த எடத்துல வந்துதான் பொகையும். அதனாலதானுங்க நான் இங்க கடை போட்டது." மிளகுக் காரம் தொண்டையில் சுருக்கென்று இறங்கியது. பக்கத்தில் இன்னொரு காரும் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. ஈரோட்டுக்காரர்கள். அவர்களும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஆறியதும் இவர் தானாகவே இரண்டாவது கியரில் ஏறினார். நான் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் மூன்றாவதுக்குப் போய்விடுவார்.

வளப்பூர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவிதா வாசலில் நின்றிருந்தாள். வயிறு இறங்கினாற்போல் தெரிந்தது. அதற்கு ஒரு பயம் எனக்கு. மூச்சு வாங்கினாள். அதற்கு ஒரு பயம். "அம்மா, நீ வந்ததுமே ஆரம்பிக்காதே" என்று சிரித்தாள். வளையல்கள் குலுங்கின.

மறுநாள் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. காற்று குளுகுளுவென்று இருக்கிறது, ஃபேன்கூட வேண்டாம், ஆனால் போனில் சிக்னல் வந்து வந்து போகிறது. அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? மூன்று வேளையும் அரிசிச் சோறு தின்கிற எங்களுக்குச் சாமைச் சோறும் பலாக்கொட்டை போட்ட குழம்பும் வந்தது. இவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் தட்டை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன்.

பக்கத்து வீட்டு சின்னப்பொண்ணு என்கிற அம்மாள் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயக் குடும்பம். கவிதா இரண்டு வருஷமாக அவர் கையால்தான் பாதி நாள் சாப்பிட்டிருக்கிறாள்.

"ஏனுங்கம்மா, நாளைக்கே கூட்டிட்டுப் போறீங்களா? கண்ணு இல்லாம எங்களுக்கு ஊடு வெறிச்சோடிப் போயிருமுங்க. இந்தப் பழத்தையாவது கொண்டு போங்க. அதுக்கு ஆசைங்க."

இன்னொரு பழம் வந்தது. ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தார் வாழை வந்தது. டிக்கியைப் பார்த்து இவர் முகம் சுருங்கியது. "இவ்வளவு பாரம் ஏத்துனா மைலேஜ் என்னத்துக்கு ஆகும்?" என்று என் காதில் முணுமுணுத்தார். பிறகு அவரே, "பரவாயில்ல, இறக்கத்துல பிடிச்சுடலாம்" என்றார். அதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். கவிதா அந்த நேரம் பார்த்துப் பலாச்சுளையை வாயில் போட்டாள், பிள்ளைத்தாச்சிக்குச் சூடு என்று நான் அவள் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்க ஓடிவிட்டேன்.

சாயங்காலம் அடுக்களையில் கவிதா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, அவங்க உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. இறங்குறப்ப ரெண்டாவது கியர்லயே வரணுமாம். நியூட்ரல் போடக் கூடாதாம், ஆஃப் பண்ணவே கூடாதாம். அப்பாகிட்ட சொல்லிடு."

"அதை மாப்பிள்ளையே சொல்லக் கூடாதா? பக்கத்துலதானே உக்காந்திருக்கார்?"

"மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு கூச்சப்படுறாங்க. மரியாதைக் குறைச்சலா நினைச்சுக்குவாராம்."

கூடத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் வந்ததிலிருந்து மாப்பிள்ளை பேசியது எல்லாம் "ஆமாங்க மாமா", "இல்லீங்க மாமா", "சாப்பிடுங்க மாமா" இந்த மூன்றுதான். எழுபது வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கத் தெரிந்த பிள்ளை. ஆனால் பெண் கொடுத்தவருக்குக் கியர் சொல்லித் தர அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் மனைவியிடம் சொல்லி, மனைவி மாமியாரிடம் சொல்லி, மாமியார் மாமனாரிடம் சொல்லவேண்டியதாயிற்று.

நான் சொன்னேன். "யாரு, மாப்ள சொன்னாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் ரோஷம் வந்துவிடும் என்று, "எல்லாரும் சொல்றாங்க" என்று மழுப்பினேன். "சரி சரி" என்றார். அந்த "சரி சரி"யை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன்.

மூன்றாம் நாள் ராகுகாலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று நான் பறந்தேன். பின் சீட்டில் கவிதாவை உட்காரவைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படுகிற மாதிரி நானே மாட்டினேன். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தேன், குமட்டினால் முகர்ந்து பார்க்க. சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போயிட்டு ரெண்டு பேரா வா கண்ணு" என்றார். வண்டியைத் தள்ளிவிட்டதும் அவர் வீட்டு ஆட்கள்தான். மாப்பிள்ளை பைக்கில் முன்னால் போனார். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, மேலே வருகிற வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கு.

முதல் சில வளைவுகள் ஒழுங்காகத்தான் வந்தோம். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. அந்த உறுமல் இவருக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு உறுமலுக்கும் உதட்டைச் சுழித்தார். நான் பின்னால் திரும்பி, "குமட்டுதா? இடுப்பு வலிக்குதா? கால நீட்டிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். திடீரென்று ஒரு அமைதி. டயர் உருளும் சத்தமும் கவிதாவின் வளையல் சத்தமும் மட்டும் கேட்டன. திரும்பி இவர் முகத்தைப் பார்த்தேன். வாய்க்கால் பாலத்தில் வருகிற அதே சிரிப்பு.

"அணைச்சுட்டீங்களா? அட பாவி மனுஷா!"

"பதறாத. பாரு, எவ்வளவு பதமா போகுது. இந்த நேர் ரோட்டுக்கு மட்டும்தான்."

நேர் ரோடு முடிந்து வளைவு வந்தது. மிதித்தார், வண்டி அடங்கியது. ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கையும் போதவில்லை. தோளால் இழுத்துத் திருப்பினார். அடுத்த இறக்கத்தில் கருகிய வாடை வந்தது. "என்னம்மா நாத்தம்?" என்றாள் கவிதா. இவர் மறுபடி மிதித்தார். அதற்கடுத்து மிதித்தபோது இவர் முகம் மாறியது.

"கல்லு மாதிரி இருக்குடி. அமுங்கல. பிரேக் அமுங்கல!"

எதிரே வளைவு. கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. அதனால் மாப்பிள்ளை வளைவுக்கு முன்னால் பைக்கை ஓரங்கட்டி, ஒரு காலை ஊன்றி நின்று, எங்களை நிற்கச் சொல்லிக் கை காட்டினார். எங்கள் வண்டி நேராக அவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "அப்பா! அவங்க நிக்கிறாங்கப்பா!" என்று கவிதா அலறினாள்.

பிரேக்கை மிதித்து மிதித்து இவர் ஸ்தம்பித்துப் போயிருந்தார். எனக்கு யோசிக்க நேரமில்லை. கை தானாகப் போய்ச் சாவியை ஒரு சொடுக்குத் திருப்பியது. தெருவில் பின்னாலிருந்து தள்ளுகிறவர்களுக்குக் கேட்க நான் கத்துவேனே, அதே குரலில் கத்தினேன்.

"கிளட்ச்ச மிதிங்க!"

மிதித்தார். கியரை நானே இரண்டாவதில் தள்ளினேன்.

"கால எடுங்க!"

எடுத்தார். வண்டி ஒரு உதறு உதறியது. இன்ஜின் ஓவென்று அலறிப் பிடித்துக்கொண்டது. வேகம் பாதியானது. ஹேண்ட் பிரேக்கை நான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், இவர் முழுப் பலத்தையும் போட்டு மிதித்தார். ஸ்டீயரிங் இளகியதும் பாறைப் பக்கம் ஒடித்தார். ரோட்டோர ஓடையில் ஒரு சக்கரம் இறங்கி வண்டி நின்றது. மாப்பிள்ளையின் பைக்குக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

பஸ் வளைவில் திரும்பி நின்றது. அதற்குள் நான் பின் கதவைத் திறந்திருந்தேன். கவிதா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பெல்ட் பிடித்ததில் வயிற்றில் எதுவும் இடிக்கவில்லை. வளையல் இரண்டு உடைந்து மணிக்கட்டில் கீறியிருந்தது. கண்ணாடித் துண்டு சீட்டில் கிடந்தது.

"அசையுதா? சொல்லுடி, அசையுதா?"

"இரும்மா... தெரியலம்மா."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவர் சக்கரத்தில் ஊற்றத் தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். பஸ் டிரைவர், "ஊத்தாதீங்க! சூட்டுல வெடிச்சுப் போயிரும். அது தானா ஆறோணும். தண்ணிய அந்தப் புள்ளைக்குக் குடுங்க" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ஏனுங்க, வண்டிய ஆஃப் பண்ணிட்டா இறங்குனீங்க? பிரேக்குக்கு பவரே இன்ஜின்ல இருந்துதானுங்க வரும்" என்றார். இவர் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

சக்கரங்கள் ஆறும்வரை யாரும் யாரையும் திட்டவில்லை. நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். இவர் பாறையில் உட்கார்ந்து, உடைந்த வளையல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு எழுந்து மாப்பிள்ளையிடம் போனார்.

"மாப்ள, எந்தக் கியர்ல இறங்கணும்?"

மாப்பிள்ளை பதறிப்போய்க் கவிதாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவர் நகரவில்லை. "நீங்க சொல்லுங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

"எந்தக் கியர்ல ஏறுனமோ அதே கியர்லதானுங்க மாமா இறங்கோணும். இன்ஜினே வண்டியப் பிடிச்சுக்கும். பிரேக்குக்கு அப்பப்ப வேலை குடுத்தாப் போதும்." தயங்கிவிட்டு, "அப்புறம் மாமா, கியர்ல விட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா பெட்ரோல் எறங்கவே எறங்காதுங்க. நம்ம வண்டி அப்படித்தானுங்க. நியூட்ரல்லதான் கொஞ்சமாச்சும் குடிக்கும்" என்றார்.

இவர் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு" என்றார். கனமான காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பஸ் ஆட்கள் வண்டியை ஓடையிலிருந்து தூக்கி ரோட்டில் வைத்துத் தள்ளிவிட, இரண்டாவது கியரிலேயே இறங்கினேன். கால் ஆக்ஸிலேட்டர் பக்கமே போகவில்லை. டாஷ்போர்டில் மைலேஜ் காட்டும் கோடு கடைசி வரை ஏறி அங்கேயே நின்றது. இருபது வருஷமாக இவர் கனவு கண்ட கோடு. பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாமக்கல்லில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அம்மா வயிற்றில் கருவியை வைத்ததும், உள்ளே டக்டக் டக்டக்கென்று சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "நல்லா இருக்கும்மா. நீங்க முதல்ல உக்காருங்க, நீங்கதான் விழுந்துடுவீங்க போலிருக்கு" என்றார் என்னிடம். கதவுக்கு வெளியே நின்ற இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். மாப்பிள்ளை இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் அங்கிருந்து மலைக்குத் திரும்பினார், எங்கள் வண்டியைத் தள்ளிக் கொடுத்துவிட்டுத்தான். புது பேட்டரியை ஊரில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இவர் சொல்லிவிட்டார். அதில் மட்டும் மனுஷன் மாறவில்லை.

ஊருக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னாலும் பின்னாலும் எல்லா வண்டியும் அணைந்துவிட்டது. எங்களுடையது மட்டும் உறுமிக்கொண்டு நின்றது. இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை சாவியைப் பார்த்தார். மறுபடி கேட்டைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, கேட் போட்டிருக்கு, பெட்ரோல் வீணாப் போகுது, சும்மா உக்காந்திருக்கீங்க?"

"அணைக்கட்டுமா?" என்று கேட்டார். இந்த மனுஷன் என்னிடம் கேட்டார்.

"இங்க அணைக்காம வேற எங்க அணைப்பாங்க?"

கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. பின் சீட்டில் கவிதா, "அம்மா, உதைக்குது! இப்ப நல்லா உதைக்குது!" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவள் வயிற்றைப் பார்த்தோம்.

ரயில் போயிற்று. கேட் ஏறியது. சாவியைத் திருப்பினேன். வண்டி கிர்ர்ரென்று ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்னால் ஹாரன் கிளம்பியது. இவர் என்னைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், கதவைத் திறந்து தள்ளுவதற்கு இறங்கினார்.

நான் இரண்டாவது கியரைப் போட்டேன்.